அருமைக்கு ஓர் அயற்சொல்

என் மகளின் பேறுகாலம் என் வீட்டில் நிகழப்போவதில்லை என்பது உறுதியான பிறகுதான் நான் எசுப்பானிய மொழி கற்கத் தொடங்கினேன். சித்தூரில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் இடம் மாறி அமரும் இவ்வூரில், இந்த வயதில், இன்னொரு மொழிக்கு என்ன தேவை வந்தது என்று கேட்டவர்கள் உண்டு.

தேவை எளியது. மகள் மெக்சிகோ நாட்டில் பணிபுரிகிறாள். அந்நாட்டவரையே மணந்துகொண்டாள். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு வருவது நம் வழக்கம் என்றாலும் அவளுடைய அலுவலும் மருத்துவமனையும் அங்கே இருந்தன. முழங்கால் அறுவைக்குப் பின் எனக்கு நெடும்பயணம் ஆகாது என்று மருத்துவர் கூறிவிட்டார். ஆகவே அவளுக்கு வெந்நீர் வைத்து ஊற்றப்போவதும், குழந்தையை முதலில் கையில் வாங்கப்போவதும் மருமகனின் தாயார்தான். அந்த அம்மையாரை நான் கைபேசித் திரையில் அல்லாது கண்டதில்லை. திரையில் இருவரும் சிரித்துக்கொள்வோம்; அவர் ஏதோ கூறுவார்; மகள் இடையில் புகுந்து மொழிபெயர்ப்பாள். ஒவ்வொரு முறையும் மகளின் குரலையே இருபுறமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் எனக்கு எழும்.

ஐந்தாம் மாதத்தில் வளைகாப்பை மட்டுமாவது இங்கே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மகளும் மருமகனும் சம்பந்தி அம்மையாரும் வருவதாக இருந்தது. எவரும் இடையில் புகாமல், அவருடைய மொழியில், என் வாயால் ஒரே ஒரு வாக்கியம் கூறி என் மகளை அவர் கையில் ஒப்படைக்க வேண்டும் என்று விரும்பினேன். மகளிடமும் இதைச் சொல்லவில்லை.

என் மொழிப் பழக்கத்தையும் இங்கே கூறிவிட வேண்டும். நான் பேருந்தில் பயணச்சீட்டு கேட்பவள். வங்கியில் காசோலை என்றும் மருந்துக்கடையில் களிம்பு என்றும் சொல்லிக் காத்திருப்பவள். மறைந்த என் தமையனாரின் மனைவி அடுத்த தெருவில் இருக்கிறார். என்னை வாத்தியாரம்மா என்றே அழைப்பார். என்னைப் பற்றி ஊருக்கு அவர் வைத்திருக்கும் ஒற்றை வரி, "வாத்தியாரம்மா ஒரு மாதிரி" என்பது. வைதாலும் அதே வரி, பரிந்து பேசினாலும் அதே வரி.

எசுப்பானியம் முதல் வாரத்திலேயே என் மனத்தைக் கவர்ந்தது. அவர்கள் னகரத்தின் தலையில் ஒரு சிறு அலையை வரைந்து ஒலிப்பது நம் ஞகரமே. சொல்லின் முதலில் ரகரம் வந்தால் நம் றகரத்தைப் போல நாவை அதிரவிடுகிறார்கள். பெயரடைகளுக்குப் பால் உண்டு. ஆணைச் சுட்டினால் ஓகாரத்திலும் பெண்ணைச் சுட்டினால் ஆகாரத்திலும் பெரும்பாலும் முடியும். வடவெழுத்து எதையும் என் எழுத்தில் நுழையவிடாத நான், அம்மொழிச் சொற்களை எழுத ஸகரத்துக்கும் ஹகரத்துக்கும் மட்டும் கதவைத் திறந்துவைத்தேன்.

பிறகு பெயரடையைத் தேடத் தொடங்கினேன். வந்து சேரப்போகிறவர் எனக்குப் புதியவர்; என்னை வியப்பில் ஆழ்த்துபவர். தம் மகன் கடல் கடந்த ஊர்ப் பெண்ணொருத்தியை அழைத்து வந்தபோது ஒரு வினாவும் எழுப்பாமல் அவளுக்குத் தம் அறையை ஒழித்துக் கொடுத்தவர். இவற்றையெல்லாம் தாங்கும் சொல் எது? கைபேசி அகராதி பல சொற்களைக் காட்டியது. நுயேவோ என்றால் புதிய. அது ஒரு பாத்திரத்துக்கும் பொருந்தும். கூரியோசோ என்பது அறியும் ஆவலைத் தூண்டுவது. அதில் சற்று வேடிக்கை பார்க்கும் கண் இருந்தது. எக்ஸ்த்ராஞோ என்பது புறத்திலிருந்து வந்தது, அயலானது. நான் எதைக் களைய விரும்பினேனோ அதையே அச்சொல் கூறியது. அசொம்ப்ரோசோ என்ற சொல்லிடம் நெடுநாள் நின்றேன். வியப்பூட்டுவது என்பது பொருள். உள்ளே நிழல் என்னும் சொல் ஒளிந்திருக்கிறது. நிழலைக் கண்டு குதிரை மிரள்வதைக் குறித்த சொல் பின்னர் மனிதரின் வியப்புக்கு ஆயிற்றாம். வியப்பை மருட்கை என்றும், அந்தி மயக்கத்தை மருள் என்றும் வழங்கிய நம் முன்னோர் நினைவுக்கு வந்தனர். ஆயினும் ஒரு தாயை நோக்கி மிரட்சியைக் கூறுவது முறையாகப் படவில்லை.

இறுதியில் ராரோ என்ற சொல் கிடைத்தது. அகராதி அதற்குத் தந்த ஆங்கிலச் சொல் ரேர் என்பது. ஆங்கிலத்திலிருந்து அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தேன்: அரிய. தேடியது கைக்கு வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். தமிழில் அதைவிட உயர்ந்த பாராட்டு எது? அரிது என்றால் எளிதில் கிட்டாதது. எளிதில் கிட்டாததே அருமை. அருமையானவளைத்தான் அருமை மகள் என்கிறோம். இரண்டு ஆறுகளைக் கடந்து வரும் சொல் எந்தக் கரையில் எதை உதிர்த்துவிட்டு வருகிறது என்று நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. 'உஸ்தேத் எஸ் உனா முஹேர் ராரா.' தாங்கள் ஓர் அரிய பெண்மணி. நாள்தோறும் குளிக்கும்போது ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அவர்கள் வந்தார்கள். சம்பந்தி அம்மையார் குள்ளமானவர், அகன்ற தோள்கள், வெட்டிவிட்ட நரைமுடி. இளம் வயதிலேயே கணவர் பிரிந்து போனபின், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டி மகனை வளர்த்தவர் என்று மகள் முன்பே கூறியிருந்தாள். எங்கள் வீட்டில் அவர் எதைப் பார்த்து எந்தப் பெயரடையை எடுக்கிறார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன். வாசற்கோலம் கூரியோசோ. வாழையிலையில் நீர் தெளித்துத் துடைப்பதும் கூரியோசோ. குளியலறை வாளியைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. அண்ணி ஆவக்காய் ஊறுகாயைத் தட்டில் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கக் காத்திருந்தார். அம்மையார் அமைதியாக உண்டு முடித்து, சாடியைக் காட்டி இன்னும் கேட்டார். அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"இன்னா வாத்தியாரம்மா, இவங்க நம்மள விடக் காரம் துன்றாங்க. நான் தண்ணி சொம்ப கையில வச்சிக்கினு நிக்கறேன்."

வளைகாப்பன்று அண்டை வீட்டுப் பெண்கள் கூடம் நிறைய வந்திருந்தனர். பெரும்பாலோர் தெலுங்கு பேசுபவர்கள். மகளின் கன்னத்தில் சந்தனம் பூசி, கைநிறையக் கண்ணாடி வளையல் அடுக்கினோம். அம்மையாரும் அவளுக்கு வளையலிட்டார். ஒன்று உடைந்துவிடவே, தீங்கோ என்று அஞ்சி அவர் முகம் பார்க்க, பெண்கள் தலையசைத்துச் சிரித்துத் தேற்றினர். அந்த நேரம் எனக்குத் தக்கதாகத் தோன்றியது. எழுந்து அவர்முன் நின்று, கைகூப்பி, என் வாக்கியத்தைச் சொன்னேன். றகரம் நன்றாகவே அதிர்ந்தது.

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. தெலுங்கில் "ரா ரா" என்றால் "வாடா, வா" என்று பொருள். சம்பந்தியைப் பார்த்து நான் கைகூப்பி வாடா என்று அழைத்ததாகவே அவர்கள் காதில் விழுந்தது. அண்ணி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, சம்பந்தியம்மாவைத் தெருப் பையனைக் கூப்பிடுவது மாதிரி கூப்பிட்டுவிட்டாயே என்றார். நானும் சிரித்துவிட்டேன். சிரிப்பின் காரணம் அது ஒன்றே என்று நம்பியதால், மகளும் மருமகனும் சிரிக்காததை நான் உடனே கவனிக்கவில்லை. அம்மையார் "கிராசியாஸ்" என்று நன்றி கூறினார். உதடு மட்டும் சிரித்தது. பிறகு அன்று முழுவதும் அவரிடமிருந்து ஒரு பெயரடையும் வரவில்லை.

மாலையில் மகள் வளையல் குலுங்க அடுக்களைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"மா, அந்த வார்த்தைய யாரு உனக்கு சொல்லிக் குடுத்தது?"

அகராதி என்றேன். அரிய என்ற பொருளில் கூறியதையும் சொன்னேன்.

"பொருளுக்குச் சொன்னா அரியன்னு வரும்மா. ஆளுக்குச் சொன்னா அப்படி இல்ல." அவள் சற்றுத் தயங்கினாள். "அண்ணியத்தை உன்னச் சொல்வாங்களே, ஒரு மாதிரின்னு. அதுதான் ராரா."

பிறகு தாழ்ந்த குரலில் மற்றதையும் கூறினாள். கணவர் போனபின் பிறந்த வீட்டுக்குத் திரும்பாமல், மறுமணமும் செய்யாமல், வண்டியோட்டப் போன பெண்ணுக்கு அவர் தெருவார் இட்ட பெயரே அதுதான். லா ராரா. பிள்ளைகள்கூட வண்டியின் பின்னாலிருந்து அப்படிக் கத்துவார்களாம். உலகத்தின் மறுகோடிக்கு வந்து, சந்தனமும் பூவும் நிறைந்த கூடத்தில், கைகூப்பி நின்ற ஒருத்தியின் வாயிலிருந்து அதே பெயரை அவர் கேட்டிருக்கிறார். உடனே கூடம் முழுவதும் சிரித்திருக்கிறது.

நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தானே போய் விளக்கிவிடுவதாக மகள் கூறினாள். வேண்டாம், நான் கூறியதை நானே திருத்துகிறேன் என்றேன்.

"சீக்கிரம் சொல்லிடு மா," என்றாள். "அங்க வலி வந்தா நான் அவங்க கையத்தான் புடிச்சிக்கணும்."

அன்றிரவு சொற்கள் அமையவில்லை. மறுநாள் அவர்கள் புறப்பட வேண்டிய நாள். மருமகன் பெட்டிகளுடன் மகிழுந்தில் முன்னே சென்றான். அம்மையார் தொடர்வண்டியில் வர விரும்பியதால் பெண்கள் மூவரும் சித்தூரில் திருப்பதி வண்டி ஏறினோம். மகள் எதிர் இருக்கையில் கால் நீட்டிச் சன்னலில் தலை சாய்த்து உறங்கிப்போனாள். நானும் அவரும் பக்கம் பக்கமாக, பேச ஒரு மொழியின்றி அமர்ந்திருந்தோம். அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மாந்தோப்புகளும் பாறைக் குன்றுகளும் போயின. நேற்று வரை எதைக் கண்டாலும் என் தோளைத் தொட்டுக் காட்டியவர் இன்று கையை மடியிலேயே வைத்திருந்தார்.

பாகாலாவில் வண்டி சற்று நேரம் நின்றது. கூடைக்காரப் பெண் ஒருத்தி சன்னலோரம் சீத்தாப்பழம் விற்றுக்கொண்டு வந்தாள். சில பழங்கள் வாங்கி, ஒன்றைப் பிளந்து அம்மையாரிடம் நீட்டினேன். பேச்சைத் தொடங்க வேறு வழி தோன்றாமல், "எக்ஸ்த்ராஞோ?" என்று கேட்டேன். இந்த அயற்பழம் எப்படி என்பது என் கருத்து.

"நோ," என்றார். பழத்தை மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது. "அனோனா."

அது அவர் ஊரில் அப்பழத்தின் பெயர். ஒரு கையால் மரத்தின் உயரத்தைக் காட்டினார். இரண்டு விரல்களை என் முழங்கையில் ஏறவிட்டு, ஏறியது தாம் என்று நெஞ்சைத் தொட்டார். அவர் பிறந்த வீட்டு முற்றத்தில் நின்ற மரம் அது என்று விளங்கியது. சீதையின் பெயரால் வழங்கும் பழம் நம்முடையதன்றி வேறு யாருடையதாக இருக்க முடியும் என்று எண்ணியிருந்தவள் நான். அந்நாடுகளிலிருந்துதான் கப்பலேறி வந்தது என்று பிறகு படித்து அறிந்தேன். அயலானது எது என்று நான் கேட்ட கேள்வி வண்டிக்குள் என் பக்கமே திரும்பி நின்றது.

அவர் விதைகளை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தபோது நான் தொடங்கினேன். "ராரா, நோ," என்றேன். "மி எர்ரோர்." என் பிழை. அவர் விதைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உறங்கும் மகளைக் காட்டி, "மி ஹிஹா," என் மகள், என்றேன். "தமிழ்: அருமை." அருமைக்கு என்ன சொல்? அரிது என்றால் கடினம் என்றும் பொருளுண்டு அல்லவா? அந்தச் சொல் எனக்குத் தெரிந்திருந்தது. "தீஃபிசில்," என்றேன்.

அம்மையார் நிமிர்ந்தார். வாய் சற்றே திறந்தபடி உறங்கும் என் மகளைப் பார்த்தார். "சி," என்றார், மனப்பூர்வமாகத் தலையசைத்து. "தீஃபிசில்."

கடினமான பெண்தான் என்று மாமியார் ஒப்புக்கொள்கிறார். அந்தப் பிழையையும் திருத்தியாக வேண்டிய நிலை எனக்கு. ஆனால் அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கிவிட்டன, நானும் சிரித்தேன். மகள் விழித்துவிடாதிருக்க இருவரும் வாயைப் பொத்திக்கொண்டோம். மூச்சு திரும்பியதும் ஒரு விரலை உயர்த்தினேன். "உனா சோலா." ஒருத்தியே. எனக்கு இருப்பவள் இவள் ஒருத்தியே, ஆகவே அருமை. அவரும் ஒரு விரலை உயர்த்தினார். அவருக்கும் ஒருவனே. பிறகு என் விரலை அவர்பால் திருப்பினேன். "உஸ்தேத். ராரா, நோ. அருமை."

அச்சொல்லை அவர் நாவில் வைத்துப் பார்த்தார். "அருமாய்," என்றார். எவ்வளவு விளங்கியது என்று அறியேன். சற்றுப் பொறுத்து, விதைகள் ஒட்டிய கையாலேயே என்னைச் சுட்டி, பின் தம்மைச் சுட்டினார்.

"ராராஸ். லாஸ் தோஸ்."

இருவருமே என்றார். அரியவர்கள் என்றாரா, ஒரு மாதிரியானவர்கள் என்றாரா என்று நான் கேட்கவில்லை. அவர் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து, எதிர் இருக்கையில் அமர்ந்து, வீங்கியிருந்த என் மகளின் பாதங்களை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு பிடித்துவிடத் தொடங்கினார். வண்டி நகர்ந்தது. திருப்பதி வரை அவர் கை ஓயவில்லை. நான் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

திருப்பதித் தெருக்களில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் குடும்பம் குடும்பமாக நடந்துகொண்டிருந்தனர். பெண்களுமா என்று அம்மையார் வினவ, வேண்டுதல் என்று மகள் விளக்கினாள். தம் நரைமுடியைத் தொட்டபடி நெடுநேரம் பார்த்துவிட்டு, என் தோளைத் தட்டி, "அசொம்ப்ரோசோ," என்றார். பெயரடைகள் திரும்பிவிட்டன.

ரேணிகுண்டா வானூர்தி நிலைய வாயிலில் அவர் என்னைத் தழுவி ஒன்று கூறினார். அதில் எக்ஸ்த்ராஞோவின் வேர் கேட்டது. திடுக்கிட்டேன். அயலாளாகக் கருதுவேன் என்கிறாரா?

"உன்ன மிஸ் பண்ணுவாங்களாம் மா," என்றாள் மகள். பிரிந்தவரை எண்ணி ஏங்குவதற்கும் அம்மொழியில் அதே வேரிலிருந்து ஒரு வினை உண்டு என்றாள். அருகில் இருந்தவர் இல்லாதபோது உலகம் அயலாகிவிடுகிறது போலும்.

மிஸ் என்னும் சொல்லை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. "தேடும் என்று சொல்," என்றேன். "உங்களை எனக்குத் தேடும் என்று அவரிடம் சொல்."

"தேடும்னு எப்படிம்மா அவங்களுக்குச் சொல்றது," என்றவளுக்கும் என்னைத் தேடும் போலும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள்.

பேத்தி அங்கே பிறந்தாள். முதலில் கையில் வாங்கியவர் அவரே. வலி வந்தபோது பற்றியிருந்த கையில் நகத்தடம் ஆறச் சில நாள் ஆயிற்று என்று மகள் கூறினாள். அவர்களுக்கு மாலையும் எனக்கு விடியலுமான வேளையில் திரையில் பேத்தியைப் பார்ப்பேன். முதல் மாதங்களில் அவள் எதையும் பார்ப்பாள், என்னையும் பார்ப்பாள். என்னை அறிந்துவிட்டாள் என்று நம்பினேன்.

அண்மையில், சீத்தாப்பழம் மீண்டும் வரத் தொடங்கிய நாள்களில், ஒரு விடியலில் திரையில் என் முகம் தோன்றியதும் பேத்தியின் உதடு பிதுங்கியது. வீறிட்டு அழுது, அம்மையாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் அவள் முதுகைத் தட்டியபடி என்னிடம் ஒரே ஒரு சொல் கூறினார்.

"எக்ஸ்த்ராஞா."

பெண்பால் ஆகாரத்தில் முடிந்த சொல். அயலாள். நான் அகராதியை எடுக்கவில்லை. மகளின் குரல் பின்னாலிருந்து வந்தது: "வேத்து முகம் பாக்குது மா. புது ஆளப் பாத்தா இப்ப இப்படித்தான் அழுவுது." குழந்தைகள் வேற்றுமுகம் பார்ப்பதற்கும் அங்கே, பிரிந்தவரை எண்ணி ஏங்குவதற்குரிய அதே வினைதானாம். நல்லதுதான், வளர்ச்சி என்றேன். அழைப்பு முடிந்தது. அந்த வீட்டுக்கு அயலாளாக இருந்துவிடலாகாது என்றுதானே இந்த மொழியையே கற்றேன் என்று எண்ணியபடி, கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். புது ஆள்.

அண்ணி ஒரு முறத்தில் சீத்தாப்பழத்துடன் உள்ளே வந்தபோது கைபேசி ஒலித்தது. அம்மையார் அனுப்பிய ஒரு படம். அதனுடன் அவர் குரலில் இரண்டு சொற்கள். படத்தில் பேத்தி தரையில் அமர்ந்து, அணைந்துபோன கைபேசியைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லா எக்ஸ்த்ராஞா."

மீண்டும் கேட்டேன். அதே வினை. முன்னே 'லா' என்று, 'தங்களை' எனப் பொருள்படும் ஓர் ஓரெழுத்துச் சொல் வந்து அமர்ந்திருந்தது. எழுவாய் குழந்தை, வினைக்கு இப்போது செயப்படுபொருள் வந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் இரண்டாம் வேற்றுமையை வகுப்பில் நடத்தியவள் நான். அது இவ்வளவு செய்யும் என்று எண்ணியதில்லை.

"இன்னா சொல்றாங்க சம்பந்தியம்மா?" என்றார் அண்ணி.

"குழந்தைக்கு என்னைத் தேடுகிறதாம்."

அவர் படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"போனுக்குப் பின்னாலயா தேடிக்கினு கீது?" என்று ஒரு பழத்தைப் பிளந்து என் கையில் வைத்தார். "உன் பேத்தியாச்சே. ஒரு மாதிரியாத்தான் இருக்கும்."